கடைசிக்கு முந்தின அசை

அவர் பேரை நான் இங்க சொல்லப் போறதில்லை. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. அந்தப் பேரை அவருக்குப் பதிலா நான் ஏற்கெனவே ரொம்ப தடவை சொல்லியாச்சு, அவ்வளவுதான்.

எங்க ஆபீஸ் வாசல்லயே ஒரு காபிக் கடை உண்டு. ஆர்டர் எடுக்கற பொண்ணு கப்புல எழுதறதுக்கு மார்க்கரைத் தூக்கிக்கிட்டு "நேம்?"னு கேட்கும். அவர் வாயைத் திறப்பார். முதல் எழுத்து வரும். அதே எழுத்து இன்னொரு தடவை வரும். மூணாவது தடவை வர்றதுக்குள்ள, பின்னாடி நிக்கற நான் அவர் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து, பேரைச் சொல்லி, ஸ்பெல்லிங்கையும் சொல்லி, எனக்கு ஒரு லாட்டேயும் சொல்லி முடிச்சிருப்பேன். என்னமோ பெரிய உபகாரம் பண்ணிட்ட நினைப்பு வேற. அவர் திரும்பி என்னைப் பார்த்து லேசா சிரிப்பார். அதை நன்றின்னு எடுத்துக்கிட்டேன்.

அவருக்குத் திக்கும். துறையூர்க்காரர். ஒல்லி, நெத்தியில எப்பவும் ஒரு சின்ன சுருக்கம், சட்டைப் பையில ரெண்டு பேனா. நான் மாம்பலம். ரெண்டு பேரும் நியூ ஜெர்சியில ஒரே ப்ராஜெக்ட்ல, பக்கத்துப் பக்கத்து டெஸ்க். என்னைப் பத்தியும் சொல்லிடணும். நான் பேச ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிடுவார். மத்தவங்க பேசும்போது அவங்க வாக்கியம் எங்க போய் முடியும்னு எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுடும். தெரிஞ்சப்பறம் காத்துக்கிட்டிருக்க முடியாது. ஒரு தடவை அவர் மான்மவுத் ஜங்ஷன்ல எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தப்ப, என் பொண்ணு என்னை கிச்சனுக்குள்ள இழுத்துட்டுப் போய், "அம்மா, லெட் ஹிம் ஃபினிஷ்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னா. பதினாலு வயசு. தமிழ்ல நான் என்ன சொன்னாலும் இங்கிலீஷ்லதான் பதில் வரும். பெரிய மனுஷி மாதிரி பேசாதடின்னு அனுப்பி வச்சேன்.

எங்க வேலை என்னன்னா, போன் பண்ணினா "ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்து"ன்னு ஒரு குரல் பேசுமே, அந்தக் குரலுக்குப் பேசக் கத்துக் கொடுக்கறது. வயசானவங்களுக்கான ஹெல்த் பிளான் ஒண்ணு. கூப்பிடறவங்க நிறைய பேருக்கு இங்கிலீஷ் வராது. ஸ்பானிஷ், சைனீஸ், போர்ச்சுகீஸ்னு அவங்கவங்க பாஷையில மெஷின் பேசணும். ஒவ்வொரு வார்த்தையையும் எங்க பிரிக்கணும், எங்க அழுத்தணும்னு குறிச்சுக் கொடுக்கறது எங்க டீம். எல்லாரும் ஆளுக்கொரு பாஷையை எடுத்துக்கிட்டதுல போலிஷ் மட்டும் மிஞ்சிடுச்சு. அன்னிக்கு அவர் லீவு. அவர் தலையில கட்டிட்டோம். "பேச முடியாதவருக்கு வாயில நுழையாத பாஷை, பொருத்தமாத்தான் இருக்கு"ன்னு ஒரு ஜோக் அடிச்சு ரூமே சிரிச்சுது. அடிச்சது நான்தான். யாரோ அடிச்சாங்கன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம், மனசு வரலை.

போலிஷ்ல என்ன சிக்கல்னா, "எழுபத்திரண்டு வயசான"ங்கறது ஒரே வார்த்தை. நடுவுல இடமே விடாம ரயில் பெட்டி மாதிரி கோத்துடுவாங்க. போன் குரல் ஒவ்வொரு தடவையும் "நீங்க இத்தனை வயசானவர்தானே?"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கணும். அறுபத்தஞ்சுல இருந்து தொண்ணூத்தொன்பது வரைக்கும் முப்பத்தஞ்சு வயசு. ஆணுக்கு ஒரு வால், பெண்ணுக்கு ஒரு வால். ஆக எழுபது வார்த்தை. ஆணுன்னா "லெத்னி"ன்னு முடியும், பெண்ணுன்னா "லெத்ன்யா". முன்னாடி வர்ற அத்தனை பெட்டியும் ஒண்ணுதான், வித்தியாசம் கடைசிப் பெட்டியில மட்டும்.

லீவு முடிஞ்சு வந்த மறுநாளே அவர் அந்த வார்த்தை லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்து டெஸ்க்ல ஒட்டிக்கிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவுலயும் பென்சில் கோடு. கோடு போட்டப்பறம் டேபிள் மேல விரலால தட்டுவார். ஒரு துண்டுக்கு ஒரு தட்டு. தட்டி முடிச்சப்பறம்தான் வாயைத் திறப்பார். முதல்ல எண்ணிக்கை, அப்பறம் சத்தம். அதுதான் அவர் வழி. மெஷின் "i" எழுத்தைப் பார்த்த இடத்துல எல்லாம் அதைத் தனி உயிரா எண்ணி வார்த்தையை நீட்டி முழக்கிக்கிட்டிருந்துது. அவர் எனக்குக் காட்டினார்.

"இந்த 'i' வெறும் குறிங்க மேடம். பக்கத்து மெய்யை இளக்குறதுக்கு. எழுத்துல இ… இருக்குங்க. வாயில இ… இல்லீங்க."

மேடம்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டதில்லை.

ஒரு நாள் தொண்ணூத்தொன்பது வயசுப் பெண்ணைப் பிரிச்சுக்கிட்டிருந்தார். பத்து அசை, இங்கிலீஷ்ல சிலபிள். ரெண்டு கையையும் டேபிள் மேல விரிச்சு வச்சுக்கிட்டு, இடது கட்டை விரல்ல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா இறக்கினார். ஜெ, வ்யெஞ், ஜெ, ஷெஞ், சோ. இடது கை முடிஞ்சது, அது தொண்ணூறு. ஜெ, வ்யெஞ், சோ. அது ஒன்பது. மிச்சம் ரெண்டு விரல். லெத், ன்யா. அது வயசு. ஒவ்வொரு கொத்துக்கும் உள்ளே ஒரு சின்ன அழுத்தம், மொத்த வார்த்தைக்கும் பெரிய அழுத்தம் ஒன்பதாவது விரல்ல. போலிஷ்ல எவ்வளவு நீள வார்த்தையா இருந்தாலும் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையிலதான் கனம் விழுமாம். விரலை எல்லாம் இறக்கிட்டு, ஒரு மூச்சுல சொன்னார். ஜெவ்யெஞ்ஜெஷெஞ்சோஜெவ்யெஞ்சோலெத்ன்யா.

திக்கவே இல்லை. எங்கேயும். தன் பேரை ஒரு காபிக் கப்புக்காகச் சொல்ல முடியாத மனுஷன், தண்ணி குடிக்கற மாதிரி அதைச் சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டார். "எப்படிங்க?"ன்னு கேட்டேன். தமிழுக்குத் திரும்பினதும் பழையபடி திக்க ஆரம்பிச்சுட்டார். பதில் வர ஒரு நிமிஷம் ஆச்சு. அதிசயமா அந்த ஒரு தடவை நான் குறுக்க விழலை. ஏன்னா அது எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியலை.

"அந்த பாஷையில இ… இன்னும் யாரும் என்னைப் பார்த்து சி… சிரிக்கலைங்க."

என் ஜோக் அவர் காதுக்குப் போயிருந்துதான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

எங்க மெஷினுக்கு இன்னொரு வியாதி இருந்துது. ஒன்பதாவது அசையில நல்லா அழுத்தும், அதோட வேலை முடிஞ்சுதுன்னு பத்தாவதை முழுங்கிடும். "லெத்னி"ங்குதா, "லெத்ன்யா"ங்குதான்னே புரியாது. வியாழக்கிழமை வியாழக்கிழமை லிண்டன்ல இருந்து ஒரு போலந்து அம்மா வருவாங்க, குரலைக் கேட்டு சரி தப்பு சொல்றதுக்கு. அறுபது வயசு இருக்கும், ஆம்பளை மாதிரி வெட்டின வெள்ளை முடி. முதல் நாளே ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, "எங்க அம்மாவை இது கிழவன்னு சொல்லுது"ன்னாங்க. நான், டெஸ்டிங்ல இருக்கிற இன்னொரு பையன், எல்லாரும் சேர்ந்து அழுத்தத்தைக் குறைக்கலாமா, வேகத்தைக் குறைக்கலாமான்னு ஆளாளுக்குப் பேசினோம். அவர் பேசாம உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைஞ்சப்பறம் அந்த அம்மாகிட்ட போய் இங்கிலீஷ்ல ஏதோ சொல்ல ஆரம்பிச்சார். திக்கினார். அந்த அம்மா ஒண்ணுமே பண்ணலை. தலையாட்டலை, எடுத்துக் கொடுக்கலை, சிரிக்கலை. அவர் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கார் சாவியை வச்சுக்கிட்டு ஓரமா நின்ன எனக்குத்தான் இருப்புக் கொள்ளலை. அவர் சொன்னது இவ்வளவுதான்: அழுத்தம் தப்பில்லை, அழுத்தினப்பறம் மெஷின் கடைசி அசைக்குக் காத்திருக்க மாட்டேங்குது, அங்க ஒரு துளி நேரம் விட்டாப் போதும்.

அப்படியே பண்ணினோம். அடுத்த வியாழக்கிழமை அந்த அம்மா கண்ணை மூடிக்கிட்டு எழுபது வார்த்தையும் கேட்டாங்க. தொண்ணூத்தொன்பது வயசுப் பொம்பளை பொம்பளையாவே வந்தா. அவங்க எழுந்து போய் அவர் கன்னத்துல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாங்க. அவர் காது ரெண்டும் சிவந்து போச்சு.

இதுக்கு நடுவுல தயிர்சாதக் கதை ஒண்ணு இருக்கு. அவர் மனைவிக்கு அப்ப மசக்கை, சமையல் வாசனையே ஆகாது. மனுஷன் மத்தியானம் வெறும் பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டிருந்தார். நான் ஒரு நாள் தயிர்சாதமும் மோர்மிளகாயும் கொண்டு போய் நீட்டினேன். "பிடிக்குமா?"ன்னு கேட்டேன். அவர் டேபிளைத் தட்டிட்டு, "பி… பிடி…"ன்னார். "பிடிக்கும்ல? எனக்குத் தெரியும். சாப்பிடுங்க, நாளைக்கும் கொண்டு வரேன்." நாளைக்கு மட்டுமில்லை, நாலு மாசம் கொண்டு போனேன். மாதுளம்பழம் எல்லாம் உதிர்த்துப் போட்டு. டப்பா எப்பவும் கழுவித்தான் திரும்பி வரும்.

போலிஷ் நல்லா வந்ததுதான் வினையாப் போச்சு. எங்க மேனேஜர் டெக்சஸ்ல, பிளானோவுல இருந்தார். நம்மூர்க்காரர்தான், நல்ல மனுஷன்தான், அவசரக்காரர். குரல் பதிவு பண்ற ஸ்டூடியோவும் அங்கதான். ஒரு செவ்வாய்க்கிழமை கான்ஃபரன்ஸ் கால்ல எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டார். ஸ்பீக்கர் போன் நடுவுல, நானும் அவரும் எதிரும் புதிருமா.

"என்ன பாஸ், கலக்கிட்டீங்க போல. க்ளையன்ட் உங்களைத்தான் கேட்கறாங்க. ஒரு பத்து வாரம் பிளானோ வந்து உட்கார்ந்து போலிஷ் முழுசும் முடிச்சுக் கொடுத்துட முடியுமா?"

அவர் வலது கை டேபிள் மேல இருந்துது. தட்டினார். நான் பார்த்தேன். பார்த்தேனே ஒழிய எண்ணலை. எண்ணணும்னு எனக்கு எப்படித் தோணும்? அது அவர் பழக்கம்னு விட்டுட்டேன்.

"மு… முடி…"

மேனேஜருக்குப் பொறுக்கலை. "ஹலோ? இருக்கீங்களா? எனக்கு அடுத்த கால் இருக்கு."

"முடி… மு…"

"முடியுமாம் சார்!"ன்னேன். "இதைக் கேட்கணுமா? தாராளமா முடியும்ங்கறார்."

"சூப்பர். டிக்கெட் போடச் சொல்லிடறேன்." வச்சுட்டார்.

அவர் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். வாய் இன்னும் "மு"வுல நின்னுக்கிட்டிருந்துது. அப்பறம் மெதுவா மூடினார். நான் எழுந்து கை கொடுத்து "கங்கிராட்ஸ்"ன்னேன். அவர் மனைவிக்கு ஏழாம் மாசம் நடக்கறது எனக்குத் தெரியும். பத்து வாரம்னா பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வந்துடலாம்னு கணக்குகூடப் போட்டேன், அந்த அரை விநாடியில. என் மூளை அவ்வளவு வேகம்.

மெயில் போட்டு மறுத்திருக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். அன்னிக்கு சாயங்காலமே போட்டிருக்கார். "காலைல சரின்னீங்களே பாஸ், க்ளையன்ட்கிட்ட சொல்லியாச்சே, பத்தே வாரம்தான்"னு பதில் வந்திருக்கு. விசா கம்பெனி கையில. அதுக்கு மேல யார் என்ன பேசறது. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. கிளம்பற அன்னிக்கு டெஸ்க்கை காலி பண்ணிக்கிட்டிருந்தவர்கிட்ட, "வீட்ல தனியா சமாளிச்சுப்பாங்களா?"ன்னு கேட்டேன். அவர் டெஸ்க்ல ஒட்டியிருந்த லிஸ்ட்டோட ஓரத்தைக் காட்டினார். போலிஷ்ல சில ஜோடி வார்த்தைக்கு நடுவுல சின்னக் கோடு போடுவாங்க. "போல்ஸ்கோ", கோடு, "ஆங்கியெல்ஸ்கி." போலிஷ்-இங்கிலீஷ் அகராதின்னு சொல்லும்போது.

"கோ… கோடு இல்லாட்டி ஒரே வார்த்தைங்க மேடம், ஒரே பெரிய அழுத்தம். கோடு போட்டா ரெண்டு பேருக்கும் த… தனித்தனி அழுத்தம். எங்களுக்கு நடுவுல இப்ப கோ… கோடு விழுந்துடுச்சுங்க."

எவ்வளவு அழகா சொல்றார்னு ரசிச்சேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி மறுபடியும் ரசிச்சேன். அது புகார்னு உறைக்கலை.

அவர் போனப்பறம் அவர் மனைவியை நான்தான் பார்த்துக்கிட்டேன். அஞ்சு நிமிஷ டிரைவ். அவ அம்மாவுக்கு விசா கிடைக்கலை. சின்னப் பொண்ணு, வாய் ஓயாம பேசுவா, எனக்கு ஈடா. ரெண்டு பேரும் சேர்ந்தா கேட்கணுமா. அவர் ராத்திரி போன்ல அவளுக்கு வயசு வார்த்தையெல்லாம் சொல்லிக் காட்டுவாராம். வயித்துல இருக்கிறது முதல்ல போலிஷ்தான் பேசப் போகுதுன்னு சிரிப்பா.

குறிச்ச தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே அவளுக்கு வலி வந்துடுச்சு. காலை ஒன்பது மணி. ரூட் ஒன்ல வண்டி நகரவே மாட்டேங்குது, ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. அவ பக்கத்து சீட்ல உட்கார்ந்து பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. பயத்தை மறக்கட்டுமேன்னு நான் தொணதொணன்னு பேசிக்கிட்டே ஓட்டினேன். "உங்க வீட்டுக்காரர் வந்ததும் ஒரு டப்பா தயிர்சாதம் கொண்டு வரேன். அங்க என்னத்தைச் சாப்பிடறாரோ."

அவ வலிக்கு நடுவுல சிரிச்சுட்டா. "அய்யோ அக்கா. அவருக்குத் தயிர்சாதம் பிடிக்கவே பிடிக்காது. சின்ன வயசுல இருந்தே. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு தினம் சாப்பிட்டுட்டு வந்து வீட்ல இஞ்சி மெல்லுவாரு."

"பிடிக்கும்னு சொன்னாரே!"

"அவரு எங்க சொன்னாரு? நீங்கதான் சொன்னீங்க."

சிக்னல் பச்சை விழுந்துது. நான் எடுக்கலை. பின்னாடி ஹாரன் அடிச்சான். அவளுக்கு அடுத்த வலி வந்து, மூச்சைப் பிடிச்சு, விட்டா. சிரிப்பு போயிடுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சொன்னா.

"பிளானோவும் அப்படித்தான் அக்கா. அந்த கால் வரப் போகுதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். மூணு நாள் வீட்ல உட்கார்ந்து பழகுனாரு. முடியாதுங்க. மு, டி, யா, துங், க. சாப்பாட்டு டேபிள்ல அஞ்சு தட்டு, அப்பறம் வார்த்தை. என்கிட்ட நல்லா சொன்னாரு. திக்காம சொன்னாரு."

அவ அழுதுக்கிட்டே தன் தொடை மேல தட்டிக் காட்டினா. அஞ்சு.

அந்த டேபிள், அந்த வலது கை, எல்லாம் என் கண்ணு முன்னாடி வந்து நின்னுது. அஞ்சு தட்டுத்தான் தட்டியிருக்கார். என் மூக்குக்கு நேரா தட்டியிருக்கார். முடியுங்கன்னா நாலோட நின்னிருக்கும். தமிழ்ல ஆமாவும் இல்லையும் எங்க இருக்கு? பிடிக்கும், பிடிக்காது. முடியும், முடியாது. வரும், வராது. எல்லாம் வால்லதானே இருக்கு. நாப்பத்தாறு வருஷமா இந்த பாஷையைப் பேசறேன், இது தெரியலை எனக்கு. போலந்து மெஷினுக்கு வைத்தியம் பார்த்தேனாம். வியாதி எனக்கு.

வெட்கமா இருந்துது. ஹாஸ்பிடல் வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை நான். அவளே பயந்துட்டா, "அக்கா, ஏதாவது பேசுங்களேன்"னா.

பொண்ணு பிறந்தா. அஞ்சரை பவுண்டு, நல்ல குரல். அவர் கை இருந்திருக்க வேண்டிய இடத்துல என் கை இருந்துது. அவர் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். கதவுகிட்ட பையைப் போட்டுட்டு அப்படியே நின்னார். நான் வாயைத் திறக்காம வெளியில வந்துட்டேன்.

ஆறு வாரத்துல அவங்க மூணு பேரும் பிளானோவுக்கே போறதா முடிவாச்சு. வேலை அங்க நீண்டுடுச்சு. இனிமே கோடு வேண்டாம்னு குடும்பத்தையே தூக்கிட்டுப் போறார். நான்தான் ஏர்போர்ட்ல விடறேன்னேன். டர்ன்பைக் ஹைவே முழுக்க மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துக்கிட்டே ஓட்டினேன். மன்னிச்சுடுங்கன்னு ஆரம்பிக்கலாமா, தயிர்சாதத்துல ஆரம்பிக்கலாமா. மத்தவங்களுக்குன்னா மளமளன்னு வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். எனக்குன்னு ஒண்ணும் வரலை.

நேவார்க்ல இறக்கி விடற இடம் தெரியுமே, அங்க ஒரு நிமிஷம் நிக்க விட மாட்டான். மஞ்சள் கோட்டு போட்டவர் ஒருத்தர் எல்லா வண்டியையும் விரட்டிக்கிட்டிருந்தார். அவர் மனைவி என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு, பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போனா. அவர் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, முதுகைத் தடவிக்கிட்டு நின்னார். வேற நேரம் கிடைக்காதுன்னு தெரிஞ்சுது.

"என் மேல கோபம் இருக்கா?"ன்னு கேட்டுட்டேன். அதுக்கு மேல, "அன்னிக்கு நீங்க முடியாதுன்னு…"ன்னு ஆரம்பிச்சு, வாயை மூடிக்கிட்டேன். கேள்வி கேட்டாச்சு. இனி அவர் முறை.

குழந்தை முதுகு மேல அவர் விரல் இறங்கிச்சு. மெதுவா.

எண்ணினேன். என் வாழ்க்கையில முதல் தடவையா அந்த விரலை எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. இல்லீங்கன்னு சொல்றதா இருந்தா மூணோட நிக்கணும். நிக்கலை. நாலு. இருக்குங்க. அங்க ஒரு கணம் நின்னுது. சரிதான், இருக்கத்தானே செய்யும், எனக்கு வேணும்னு நினைச்சேன். அப்பறம் இன்னொரு தட்டு விழுந்துது. அஞ்சு. ஆனா அது எனக்குத் தட்டினதா, குழந்தை சிணுங்கிச்சுன்னு தட்டினதான்னு புரியலை.

"இ…"ன்னார். "இ… இரு…"

நாலுக்கும் அந்த ஆரம்பம்தான், அஞ்சுக்கும் அந்த ஆரம்பம்தான்.

"இ… இரு… இ…"

நெத்திச் சுருக்கம் ஆழமாச்சு. உதடு நடுங்குச்சு. என் நாக்கு துடிக்குது. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், நிஜமாவே கடிச்சுக்கிட்டேன். மஞ்சள் கோட்டு என் வண்டி பானட்டைப் பட்டுன்னு தட்டி, "மேம், மூவ் இட்! லெட்ஸ் கோ!"ன்னு கத்தினார்.

"இருய்யா!"ன்னு நான் தமிழ்லயே கத்தினேன். "பேசிக்கிட்டிருக்கார்ல!"

மஞ்சள் கோட்டுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒரு அடி பின்னால போயிட்டார். அவரும் அதைப் பார்த்தார். நான் அவர் வாயை மட்டும் பார்த்துக்கிட்டு நின்னேன், அந்த லிண்டன் அம்மா நின்ன மாதிரி. எவ்வளவு நேரம்னு தெரியாது. பின்னாடி நாலஞ்சு ஹாரன். அப்பறம் அவர் மூச்சு ஒண்ணு இழுத்தார்.

"இருந்துச்சுங்க."

போலிஷ் வார்த்தை மாதிரியே சொன்னார். கனம் அந்த "சுங்"ல. அதுக்கு அப்பறம் கடைசி "க", முழுங்காம, தனியா, தெளிவா.